மாலை மணியும் எங்கள் பின்சந்தும்

மியான்மரில், ரங்கூன் என்று முன்பு அழைக்கப்பட்ட யாங்கோன் நகரின் பபேடான் வட்டத்தில், அனவ்ரட்டா சாலைக்கும் மகாபந்துலா சாலைக்கும் இடையே வடக்குத் தெற்காக ஓடும் தெருக்களுள் ஒன்றில், மூன்றாம் மாடியில் 40 ஆண்டுகளுக்கு மேலாகக் குடியிருக்கிறேன். 1871 இல் கட்டப்பட்ட ஸ்ரீ காளியம்மன் கோயிலின் மணியோசை எங்கள் முன்வராந்தாவில் தெளிவாகக் கேட்கும். பின்பக்கத்துச் சமையலறை ஜன்னலை மட்டும் 2018 ஆம் ஆண்டு வரை நாங்கள் திறந்ததில்லை. அதாவது, குப்பை எறிவதற்குத் தவிர வேறெதற்கும் திறந்ததில்லை. இதை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். பருப்பு வியாபார நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு மூட்டை துவரை குறைந்தாலும் இரவு முழுவதும் தேடிய நான், என் வீட்டுக் குப்பை எங்கே போகிறது என்ற கணக்கை ஒருநாளும் பார்த்தது கிடையாது.

எங்கள் வீடுகளின் அமைப்பைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். 12.5 அடி அகலமும் 50 அடி நீளமுமாக ரயில்பெட்டி போன்ற வீடுகள் ஆறு, ஏழு மாடிகளுக்கு ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். முன்பக்கம் தெருவையும், பின்பக்கம் அடுத்த தெருவின் வீடுகளுக்கும் நமக்கும் பொதுவான ஒரு குறுகிய சந்தினையும் பார்த்திருக்கும். பர்மியர் அதை 'நௌக்பே லான்ஜா' என்பார்கள்; நாங்கள் பின்சந்து என்போம். 1852 ஆம் ஆண்டுப் போருக்குப் பிறகு ஆங்கிலேயர் இந்த நகரைக் கட்டங்கட்டமாக வகுத்தார்கள். வரைபடத்தைப் போட்டவர்கள் மான்ட்கோமரி என்ற மருத்துவரும் ஃபிரேசர் என்ற பொறியாளரும். அனவ்ரட்டா சாலையின் பழைய பெயரே ஃபிரேசர் தெருதான். வீடுகள் நெருங்கிய பின் அவற்றின் முதுகுப்புறத்தில் கழிவுநீருக்கும் துப்புரவுப் பணிக்கும் எனச் சந்துகள் விடப்பட்டன. 1888 இல் காற்றழுத்தத்தால் கழிவைத் தள்ளும் குழாய் அமைப்பு 40,000 பேருக்கென்று இங்கே போடப்பட்டது. அந்த எண்ணிக்கையை நகரம் எப்போதோ தாண்டிவிட்டது.

1931 கணக்கெடுப்பின்போது இந்நகர மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர். தெருவும் சாக்கடையும் கூட்டியவர்களில் பெரும்பாலோரும் நம்மவர்களே. மாடி வீட்டார் முன்படியில் ஏற, துப்புரவாளர் பின்படியில் ஏறி இறங்கிய காலம் அது. பின்சந்து என்றால் 'அவர்கள் வழி', நமக்குச் சம்பந்தமில்லாதது என்ற எண்ணம் அப்போது ஊன்றியதுதான் என்று நான் நினைக்கிறேன். படியேறி வந்த ஆள்கள் போய்விட்டார்கள். எண்ணம் மட்டும் நான்கு தலைமுறையாக ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருக்கிறது.

2018 ஏப்ரலில், திஞ்சான் நீர்த்திருவிழா முடிந்த சில நாள்களில், லைங்தாயா பக்கத்துத் தெய்ன்பின் குப்பைமேடு தீப்பிடித்துப் பல நாள்கள் எரிந்தது. நகரம் முழுவதும் குப்பையைப் பற்றியே பேசியது. எங்கள் தெருவிலும் டீக்கடையில் உட்கார்ந்து எல்லாரும் பேசினோம். அப்போது இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் சூலியா எனப்படும் தமிழ் முஸ்லிம் நண்பர் ஒருவர், "தெய்ன்பின் தூரம் அண்ணே, நம்ம சந்துல ஒரு பீடித்துண்டு விழுந்தா தீயணைப்பு வண்டி எந்தப் பக்கமா உள்ளே வரும்?" என்று கேட்டார். யாருக்கும் பதில் தெரியவில்லை. அன்று மாலையே நாங்கள் நால்வர் சந்தின் வாயில் நின்று பார்த்தோம். குப்பை முழங்காலுக்கு மேல் இருந்தது. மேலே மின்கம்பிகள் சிலந்திவலை போலத் தொங்கின. எலிகள் எங்களைக் கண்டு ஓடக்கூட இல்லை. 1905 இல் பிளேக் நோய் இந்நகருக்குள் வந்த கதையை என் பாட்டி சொல்லக் கேட்டவன் நான். அந்த எலிகளின் அலட்சியம் எனக்கு அச்சமூட்டியது.

நாங்கள் செய்த முதல் காரியம் தவறானது. இளைஞர்கள் 20 பேரைச் சேர்த்து, வாடகை லாரி வைத்து, நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் சந்தைச் சுரண்டி எடுத்தோம். அடியில் 1990களின் பிஸ்கட் உறைகள் வரை கிடைத்தன. தரையின் செங்கல் தெரிந்தபோது கைதட்டினோம், படம் எடுத்துக்கொண்டோம். ஆறாவது வாரத்தில் கணுக்கால் அளவு குப்பை திரும்பி வந்திருந்தது. இன்று வேறொரு தெருக்காரர் வந்து யோசனை கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான்: குப்பை வரும் வழியை மாற்றாமல் சந்தைச் சுத்தம் செய்யாதீர்கள், உழைத்தவர்களுக்கு ஏற்படும் சலிப்பு, அடுத்த முறை அவர்களை அழைக்க முடியாதபடி செய்துவிடும்.

இரண்டாவது தவறு அதைவிடப் பெரியது. தொட்டி இல்லாததால்தான் எறிகிறார்கள் என்று முடிவுகட்டி, வசூல் செய்த பணத்தில் இரண்டு பெரிய பிளாஸ்டிக் பீப்பாய்களை வாங்கிச் சந்தின் இரு வாயிலும் வைத்தோம். முதல் வாரம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு பக்கத்துத் தெருவின் சாப்பாட்டுக் கடைக்காரர்கள் இரவில் தங்கள் மீன்செதிலையும் கோழிக் கழிவையும் கொண்டுவந்து நிரப்பினார்கள். நிரம்பிய பீப்பாயைச் சுற்றிப் பைகள் குவிந்தன. பைகளை நாய்கள் கிழித்தன. விற்கத்தக்க பாட்டில் தேடுபவர்கள் பீப்பாயையே கவிழ்த்தார்கள். ஒருநாள் விடியற்காலை, கவிழ்த்து வைத்த பீப்பாயின் மேல் ஏறி யாரோ முதல் மாடி ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஒரு கைப்பேசியைத் திருடிக்கொண்டு போனார்கள். திருடனுக்கு ஏணியை நாங்களே வாங்கிக் கொடுத்திருந்தோம்.

அதன்பிறகுதான் எனக்குத் தெரிந்த ஒரே வித்தைக்குத் திரும்பினேன். கணக்குப் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டு, சமையலறை ஜன்னலைச் சிறிது திறந்து வைத்து, தொடர்ந்து மூன்று இரவும் பகலும் எப்போது, எந்தப் பக்கத்திலிருந்து பை விழுகிறது என்று எழுதினேன். என் மனைவி என்னைப் பார்த்துச் சிரித்தாள். இரண்டாம் நாள் நான் தூங்கிய நேரத்தில் அவளே எழுதினாள். யார் எறிகிறார்கள் என்று எழுதவில்லை. அதை எழுதியிருந்தால் தெருவில் சண்டைதான் மிஞ்சியிருக்கும். முதல் நாள் விழுந்த 37 பைகளில் 29 பைகள் இரவு 8 மணிக்கும் 11 மணிக்கும் இடையே விழுந்தவை. மற்ற இரு நாள்களும் ஏறக்குறைய அப்படியே. குப்பை வண்டி மணியடித்துக்கொண்டு எங்கள் தெருவுக்கு வருவதோ காலை 10 மணிக்கு மேல்.

இந்த இரண்டு நேரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. காலை 10 மணிக்கு எங்கள் கட்டடத்தில் பாதி வீடுகள் பூட்டியிருக்கும். வேலைக்குப் போகிறவர்கள் 7 மணிக்கே இறங்கிவிடுவார்கள். இரவுச் சமையலின் மீன்தலையும் சோற்றுக்கஞ்சியும் மறுநாள் முழுவதும் வீட்டில் இருக்க வேண்டும், அதற்கடுத்த நாளும் யாராவது விடுப்பெடுத்தால்தான் கீழே போகும். இந்த ஊர் வெயிலில், 12.5 அடி அகல வீட்டில், அதை எத்தனை நாள் வைத்திருப்பது? லிஃப்ட் கிடையாது. ஆறாம் மாடியிலிருந்து இருட்டில் இறங்கி ஒரு பையை வைக்கப் போனால் வைப்பதற்கு இடமும் கிடையாது. ஜன்னலைத் திறந்து கையை விடுவது இரண்டு விநாடி வேலை. நாங்கள் அதுவரை 'நம் மக்களுக்குப் பொறுப்பில்லை' என்று பேசிக்கொண்டிருந்தோம். உண்மையில் வண்டியின் நேரமும் வீட்டின் நேரமும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில், அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தில் இருக்கும் என் தங்கை மகன் ஒரு தகவலை அனுப்பினான். அங்கே பயனியர் ஸ்கொயர் என்ற பழைய கடைவீதிப் பகுதியில் 2009 இல் சந்துகளிலிருந்த பெரிய குப்பைத்தொட்டிகளை எல்லாம் எடுத்துவிட்டார்களாம். கடைக்காரர்கள் முன்பணம் கொடுத்து வாங்கும் நிறப்பைகளில் குப்பையைத் தரம்பிரித்துக் கட்டி வைக்க, நாளொன்றுக்குப் பலமுறை வண்டி வந்து எடுத்துப்போகும் முறையைக் கொண்டுவந்தார்கள். தொட்டி மறைந்ததும் அதன் பின்னால் ஒளிந்து நடந்த காரியங்களுக்கும் மறைவிடம் இல்லாமல் போயிற்று. அந்த நகரத்தின் பணமும் வசதியும் நமக்கு ஏது என்று நண்பர்கள் கேட்டது நியாயமே. ஆனால் அங்கே செய்ததன் சாரம் பணத்தில் இல்லை என்று எனக்குப் பட்டது. குப்பை ஓரிடத்தில் நிற்கும் நேரத்தை அவர்கள் குறைத்தார்கள். நிற்கும் குப்பைதான் எலியையும் நாயையும் அடுத்த பையையும் அழைக்கிறது.

பீப்பாய்களை எடுத்தோம். அதற்கு எதிர்ப்பு இருந்தது. "இருந்ததையும் பிடுங்குகிறீர்களே" என்று ஒரு பெரியவர் என்னிடம் ஒரு மாதம் பேசவில்லை. பிறகு வட்டார அலுவலகத்துக்குப் போய், மாலையில் இன்னொரு முறை வண்டி வர முடியுமா என்று கேட்டோம். ஆளும் வண்டியும் போதாது என்பது எங்களுக்கும் தெரிந்ததுதான். ஆனால் அங்கிருந்த ஒருவர் எளிய வழியொன்றைக் காட்டினார்: காலை வண்டி தள்ளும் பெண்ணுக்கு மாலையில் வேலையில்லை, தெருக்காரர்கள் கைவண்டி ஒன்றை ஏற்பாடு செய்து, அவருக்குத் தனியாகக் கூலி கொடுத்தால், மாலைக் குப்பையைச் சாலையோரச் சேகரிப்பு இடத்தில் லாரி வரும் நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கலாம். சந்தை ஒட்டிய 64 சமையலறைகளில் 51 வீட்டார் மாதம் 1,000 கியாட் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். மற்றவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை, அவர்களிடமிருந்தும் குப்பையை வாங்கினோம். இதில் நான் பிடிவாதமாக இருந்தேன். பணம் கொடுக்காதவன் குப்பையை மறுத்தால், அது சந்தில்தான் விழும்; அப்போது பணம் கொடுத்த 51 பேருக்கும் நஷ்டம்.

நேரத்தை 8:30 என்று வைத்தோம். இதற்கும் ஒரு வாரம் சண்டை. சிலர் 7 மணி என்றார்கள், சிலர் 10 என்றார்கள். என் கணக்குப் புத்தகத்தைக் காட்டி, பைகள் விழத் தொடங்கும் நேரத்துக்குச் சற்றே பிந்தி வண்டி வரவேண்டும் என்று வாதாடினேன். சமையலறை கழுவி முடிந்து, கையில் பை இருக்கும் அந்த நிமிடத்தில் மணி கேட்க வேண்டும். மழையோ மின்வெட்டோ, நேரம் மாறக்கூடாது. வண்டி தள்ளும் பெண்ணுக்கு 30 வயதுக்குள்தான் இருக்கும். என்னை 'ஊலே' (மாமா) என்பார், நான் 'தமீ' (மகளே) என்பேன். முதல் மாதம் அவர் ஒருநாள் கூடத் தவறவில்லை. அடைமழையில் பிளாஸ்டிக் உறை போர்த்திக்கொண்டு சரியாக 8:30க்கு அந்த மணியை அடித்தபோது, எங்கள் தெரு அவரை நம்பத் தொடங்கியது. கூலியை மாதக் கடைசியில் கொடுக்காமல் பத்து நாளுக்கு ஒருமுறை கொடுத்ததும், கையுறையும் ரப்பர் பூட்ஸும் வாங்கித் தந்ததும் எங்கள் தயாளம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவர் வராத நாளில் என்னவாகும் என்பதை நாங்கள் அறிந்திருந்தோம்.

மாடிப்படி இறங்கும் பிரச்சினைக்குத் தீர்வு எங்கள் கண் முன்னாலேயே தொங்கிக்கொண்டிருந்தது. யாங்கோன் வந்தவர்கள் பார்த்திருப்பீர்கள்: ஒவ்வொரு வராந்தாவிலிருந்தும் தெரு வரை ஒரு கயிறு தொங்கும், நுனியில் ஒரு கிளிப் இருக்கும், சில கயிறுகளில் மேலே மணியும் கட்டியிருக்கும். செய்தித்தாளும் காலைப் பலகாரமும் அதில்தான் மேலே ஏறும். ஏறுவதற்குப் பயன்படும் கயிறு இறங்குவதற்கு ஏன் பயன்படக்கூடாது? சில வீடுகள் முன்பே அப்படிச் செய்துகொண்டிருந்தன. எல்லாரும் செய்யத் தொடங்கியபோது முதல் வாரத்தில் ஈரப்பை கிளிப்பிலிருந்து நழுவி, நடந்துபோன ஒரு பெரியவரின் தோளில் விழுந்தது. அன்றே கிளிப்புக்குப் பதிலாகக் கொக்கி போட்டோம். 5 லிட்டர் எண்ணெய் டின்னின் மேல்மூடியை வெட்டிக் கைப்பிடி மாட்டி, அதில் பையை வைத்து இறக்கச் சொன்னோம். டின்னில் வீட்டு எண்ணை எழுதிவிட்டால் காலியான பின் மாறிப் போகாது.

ஈரக் குப்பை, உலர்ந்த குப்பை என்று பிரிப்பதைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. எல்லா ஊரிலும் சொல்லும் பாடம்தான் அது. எங்களுக்கு உதவிய ஒரே நுணுக்கம் வடிகட்டுவது. சமையலறைக் கழிவைத் தொட்டித் துவாரத்தருகே ஓட்டைக் கூடையில் அரைமணி நேரம் வைத்து நீர் வடிந்தபின் பையில் போட்டால், எடையும் நாற்றமும் குறையும், பை கிழியாது. உலர்ந்ததை வண்டிப் பெண்ணே தனியாக எடுத்து விற்றுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். அதன்பின் பிரிப்பதை அவரே கண்காணித்துக்கொண்டார்.

மாலை வண்டி ஓடத் தொடங்கி இரண்டு மாதம் கழித்து, பைகள் விழுவது நாளுக்கு நான்கைந்தாகக் குறைந்த பிறகுதான், இரண்டாம் முறையாகச் சந்தைச் சுத்தம் செய்தோம். அதுவும் மழைக்காலம் முடிந்து நவம்பரில். மே முதல் அக்டோபர் வரை இங்கே 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும். அந்த நேரத்தில் சந்தில் இறங்குவது முட்டாள்தனம், மின்கசிவு ஆபத்து வேறு. குப்பையை எடுத்தபின் உண்மையான நோய் தெரிந்தது. மாடிகளிலிருந்து இறங்கும் கழிவுக் குழாய்களில் பல உடைந்து, கால்வாயில் சேராமல் தரையில் ஊற்றிக்கொண்டிருந்தன. குப்பையின் அடியில் அது மறைந்திருந்தது. எந்தக் குழாய் யாருடையது என்று கண்டுபிடிக்க, ஒவ்வொரு மாடியிலும் வெவ்வேறு நிறச் சாயத்தைக் கரைத்து ஊற்றிப் பார்த்தோம். கோலப்பொடி விற்கும் கடைக்காரர் சாயத்தை இலவசமாகக் கொடுத்தார். குழாய் செப்பனிட ஆன செலவு, சுத்தம் செய்த செலவைப் போல மூன்று மடங்கு. இதை முன்கூட்டியே எதிர்பார்த்துப் பணம் ஒதுக்குவது நல்லது.

சுவரில் சாமி படம் ஒட்டினால் யாரும் எறியமாட்டார்கள் என்று ஓர் இளைஞர் சொன்னார். தமிழ்நாட்டில் அப்படிச் செய்வதை அவர் பார்த்திருக்கிறார். இந்தச் சந்தில் இந்து, முஸ்லிம், பௌத்தர், சீனர் எல்லாருடைய சமையலறையும் இருக்கிறது. யாருடைய சாமியைக் காவலுக்கு நிறுத்துவது? அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது. வெள்ளை அடித்தோம், போதும்.

பாதுகாப்பைப் பற்றி நாங்கள் தனியாகத் திட்டமிட்டது குறைவு. இரு வாயிலிலும் இரும்புக் கதவு போட்டுப் பூட்டவேண்டும் என்று பலர் கேட்டார்கள். சாவி யாரிடம் இருக்கும், தீப்பிடித்தால் யார் ஓடிவந்து திறப்பார் என்று அந்த இரும்புக் கடை நண்பரே கேட்டார். ஆகவே தாழ்ப்பாள் மட்டும் உள்ள, மார்பளவுக் கதவு போட்டோம். உள்ளே யார் நின்றாலும் தெருவிலிருந்து தலை தெரியும். நான்கு எல்.ஈ.டி. விளக்குகளைக் கீழ்வீட்டு மீட்டர்களில் இணைத்தோம். ஆனால் பெரிய மாற்றம் இவற்றால் வந்ததன்று. நாற்றம் போனதும் கீழ்வீட்டார் பல ஆண்டுகளாக ஆணியடித்து வைத்திருந்த பின்கதவுகளைத் திறந்தார்கள். துணி காயப் போட்டார்கள். இரும்புக் கடைக்காரரின் மகள் அங்கே உட்கார்ந்து படித்தாள். மாலையில் பிள்ளைகள் சின்லோன் என்னும் பிரம்புப் பந்தை உதைத்தார்கள். முன்பு போதைக்காக அங்கே ஒதுங்கியவர்கள், நாலு ஜன்னல் திறந்திருக்கும் இடத்தில் நிற்க விரும்பாமல் தாமாகவே போய்விட்டார்கள். இதே நகரில் 'டோ எயின்' அமைப்பினர் சில பின்சந்துகளைத் தோட்டமாகவும் விளையாட்டிடமாகவும் மாற்றியிருந்ததைப் போய்ப் பார்த்து வந்தோம். எங்களால் முடிந்தது பத்துக் கறிவேப்பிலைத் தொட்டிகள்தாம்.

2020 இல் கொரோனா வந்து தெருவை அடைத்தபோது மாலை வண்டி ஏழு வாரம் நின்றது. நான் மறுபடியும் கணக்குப் புத்தகத்தை எடுத்தேன். மூன்றாம் நாளில் முதல் பை விழுந்தது. முதல் வாரத்தில் 11, இரண்டாம் வாரத்தில் 40க்கு மேல். அதே மக்கள், அதே ஜன்னல்கள், வெள்ளையடித்த அதே சுவர். வண்டி திரும்பி ஓடத் தொடங்கிய பத்து நாளில் எண்ணிக்கை மறுபடி இறங்கியது.

ஒரு பை மட்டும் நிற்கவே இல்லை. வாரத்துக்கு மூன்று முறை, இரவு 9 மணி வாக்கில், எங்கள் கட்டடத்தின் பக்கத்திலிருந்தே ஒரு சிறு பை விழும்; உள்ளே வெற்றிலைக் காம்பும், முருங்கைக் கோதும், இரண்டு கவளம் சோறும் இருக்கும். யார் என்று எழுதக்கூடாது என்று விதி வைத்தவன் நான்தான். ஆனாலும் ஒருநாள் பார்த்துவிட்டேன். நான்காம் மாடியில் தனியாக இருக்கும் ஆச்சி. என் திருமணத்துக்குப் பந்தி பரிமாறியவர். மெதுவாக விசாரித்தபோது, முட்டிவலியால் முன்வராந்தா வரை நடந்துபோய்க் கயிற்றை இழுக்க முடியவில்லை என்றார். "உங்க மணி எனக்கும் கேக்குதுப்பா, நான் எழுந்திரிக்கறதுக்குள்ள வண்டி போயிடுது" என்றார். இப்போது ஐந்தாம் மாடிப் பையன் டியூஷன் முடிந்து 8:15க்குப் படியேறும்போது ஆச்சியின் கதவைத் தட்டிப் பையை வாங்கிக்கொண்டு மேலே போய், அவர்கள் வீட்டுக் கயிற்றிலேயே இறக்கிவிடுகிறான். அதற்கு ஆச்சி அவனுக்கு ஒரு முறுக்கு கொடுக்கிறார்.